கடனும் அவகாசமும்: ஆண்டிபட்டி வட்டாரத்திலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகைக்கு ஆண்டிபட்டி அருகே கட்டப்பட்ட அணை 1959இல் திறக்கப்பட்டது. அணை அண்மையில் இருந்தும் அதன் நீர் பெரும்பாலும் மதுரைக்கும் அதற்கு அப்பாலுள்ள மாவட்டங்களுக்குமே செல்கின்றது. இவ்வட்டாரத்தின் மானாவாரி நிலங்கள் வானத்தையே நம்பியிருக்கின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் உழவரும் கூலியாளரும் வட்டிக்காரரின் திண்ணையை நாடியதே இங்கு கடனின் பழைய வரலாறாகும்.

இத்துயர் ஆட்சியாளர் அறியாததன்று. சென்னை மாகாண அரசுக்காக பிரெடரிக் நிக்கல்சன் 1895–97இல் அளித்த அறிக்கை, ஜெர்மனியின் ரைபைசன் கடன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டியது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1969இல் 14 வங்கிகள் அரசுடைமையாயின. எனினும் கூட்டுறவும் வங்கியும் பெரும்பாலும் கேட்டவை பட்டாவும் நகையும் ஜாமீனுமே. தன் பெயரில் நிலமில்லாத பெண்ணுக்கு இரண்டு வாயில்களும் அடைபட்டே இருந்தன.

தேனி தனி மாவட்டமாவதற்கு முன்னரே, 1990இல், மதுரைப் பகுதியில் பிரதான் என்னும் அமைப்பு 'களஞ்சியம்' குழுக்களைத் தொடங்கியது. 1997இல் உருவான தானம் அறக்கட்டளை அப்பணியைத் தொடர்ந்தது. ஏறத்தாழ இருபது பெண்கள் கூடிச் சிறுதொகை சேமிப்பர். அச்சேமிப்பிலிருந்தே கடன் பெறுவர். யாருக்கு எவ்வளவு என்பதைத் தாமே தீர்மானிப்பர். 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியபின் இம்முறைக்கு வங்கிக் கடனும் கிட்டியது. ஆண்டிபட்டிக்குத் தெற்கே, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பகுதிக் குழுக்கள் கடமலைக் களஞ்சிய வட்டாரச் சங்கமாக ஒன்றிணைந்தன. மலையடிவாரச் சிற்றூர்களுக்கு இது பெரும் பேறு என்றே நாம் மதிப்பிடுகின்றோம்.

குழுவிலும் வட்டி உண்டு. பல குழுக்களில் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வசூலிக்கப்பட்டது. அது உறுப்பினரின் பொதுநிதிக்கே திரும்புகின்றது என்பது உண்மைதான். அதனால் மட்டும் அது வட்டியல்லாததாகி விடாது. ஆயினும் வேறொன்று இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. கடன்பட்டவர் நெருக்கடியில் இருப்பின் வசதி வரும்வரை அவகாசம் அளிக்குமாறு திருமறை (2:280) பணிக்கின்றது. மழை பொய்த்த ஆண்டில் அந்த அவகாசத்தை வழங்க யாரால் இயலும்? கடன் கொடுத்தவளும் வாங்கியவளும் ஒரே பாயில் அமர்ந்திருக்கும் குழுவால் இயலும். வெளியூர் முதலீட்டாளருக்குப் பதில் சொல்லவேண்டிய நிறுவனத்தால் அது எளிதன்று. வாராந்தர வசூலின் கடுமை ஆந்திரத்தில் முற்றியபோது, 2010 அக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. தமிழகமோ கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003இலேயே சட்டத்தால் தடைசெய்திருந்தது. சட்டம் எட்டாத சந்துகள் இன்னும் பல உள என்பது வேறு கதை.

குழுவிலும் அவகாசம் எப்போதும் கிடைத்துவிடுவதில்லை. ஒருத்தியின் தவணை தவறினால் மற்றவர்களின் அடுத்த கடன் தடைப்படும். அப்போது அண்டை வீட்டாளே வசூல்காரி ஆகின்றாள்.

வட்டியில்லா அழகிய கடன் வழங்கும் பைத்துல்மால்கள் நம்மிடையே உள்ளன. ஆனால் அவற்றில் பலவற்றில், கடன் கேட்கும் பெண்ணுக்கு அதைத் தீர்மானிக்கும் அவையில் இடமில்லை. அவள் பெயரால் வேறொருவர் சென்று பேசுகின்றார்.