பல் பிடுங்க பிளட் தின்னரை நிறுத்தணுமா? ஒரு மாத்திரையின் வரலாறு



வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுறீங்களா? பல் பிடுங்கணும்னு நீங்களாகவே அதை நிறுத்தப் போறீங்களா?

கொஞ்சம் பொறுங்க. இதைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

1.
1920கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பு வெட்டினாலோ காயடித்தாலோ ரத்தம் நிற்கவே இல்லை. பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட்.

2.
1933 பிப்ரவரி. விஸ்கான்சின் விவசாயி எட் கார்ல்சன், செத்த கிடாரியையும் பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் சுமார் 300 கி.மீ. வண்டி ஓட்டிப் போய் விஞ்ஞானி கார்ல் லிங்க்கிடம் கொடுத்தார்.

ஆறு வருஷ உழைப்பு. 1939இல் லிங்க்கின் ஆய்வகம் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. பெயர் டைகூமரால். ரத்தம் உறையக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். அதன் வேலையைத்தான் இது கெடுக்கிறது.

3.
இதன் தம்பிதான் வார்ஃபரின். 1948இல் முதலில் வந்தது எலி மருந்தாக!

1951இல் அமெரிக்கப் படைவீரர் ஒருவர் தற்கொலை எண்ணத்தில் அதைத் தின்றார். வைட்டமின் கே கொடுத்ததும் பிழைத்தார். முறிவு மருந்து இருக்கிறது என்ற தைரியம் வந்தது.

1954இல் மனிதர்களுக்கு அனுமதி. நம்ம காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி முடிந்த அதே வருஷம்.

4.
பிறப்பே ரத்தக்கசிவில் என்பதால் பயமும் கூடவே வந்தது. "சில நாள் நிறுத்திட்டுப் பல்லைப் பிடுங்கலாம்" என்பது பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது.

1998இல் பல் மருத்துவர் மைக்கேல் வால் பழைய ஆய்வுகளைத் தொகுத்தார். மாத்திரையை நிறுத்தாமல் பல் சிகிச்சை செய்துகொண்ட 950க்கும் மேற்பட்டவர்களில், அந்த இடத்திலேயே செய்யும் வைத்தியத்துக்கு ரத்தம் கட்டுப்படாமல் போனது 12 பேருக்குத்தான்.

நிறுத்திய சுமார் 500 பேரில்? 5 பேருக்கு ரத்தக்கட்டி அடைத்து ஆபத்து. அதில் 4 பேர் இறந்தார்கள்.

பல் குழியில் கசியும் ரத்தத்தைக் கையால் அழுத்தி நிறுத்தலாம். மூளையில் அடைத்த கட்டியை அப்படி எடுக்க முடியாது.

5.
வாய்க்குள் ரத்தக்கட்டி சீக்கிரம் கரையும். அதைத் தடுப்பது டிரானெக்ஸாமிக் அமிலம். 1962இல் ஜப்பானிய தம்பதி ஷோசுகே, உட்டாகோ ஒகமோட்டோ தந்தது.

1989இல் வெளியான ஒரு ஆய்வில், மாத்திரையை நிறுத்தாத 39 பேருக்குப் பல் அறுவை செய்தார்கள். மருந்தில்லாத நீரில் கொப்பளித்தவர்களில் 8 பேருக்கு ரத்தம் கசிந்தது. இந்த மருந்தில் கொப்பளித்தவர்களில் ஒரே ஒருவருக்கு.

6.
நமக்கு இது ஏன் முக்கியம்? சின்ன வயசில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்கள் இங்கே அதிகம். 1990 டிசம்பரில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தின் வால்வு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. விலை குறைந்த இந்திய வால்வு ஏழைகளுக்கும் எட்டியது. உலோக வால்வு என்றால் ஆயுசுக்கும் மாத்திரை. விட்டால் வால்வே அடைக்கலாம்.

7.
செய்ய வேண்டியது:

• நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெலும் அப்படித்தான். அபிக்ஸபான், டபிகட்ரான் மாதிரி புது மாத்திரைன்னா டாக்டரைக் கேளுங்க.
• பல் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்க.
• வார்ஃபரின், அசிட்ரோம்னா முந்தைய நாள் ஐஎன்ஆர் பாருங்க. 4க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பிடுங்கலாம்.
• காலையிலேயே போங்க. கசிந்தாலும் பகலில் கவனிக்கலாம்.
• தையல் போட்ட பிறகு பஞ்சை 30 நிமிஷம் கடிச்சுக்கோங்க. அன்னைக்குத் துப்பாதீங்க, கொப்பளிக்காதீங்க, சூடா எதுவும் வேண்டாம்.
• வலிக்கு பாராசிட்டமால். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம். மெட்ரோனிடசோல் எழுதினால் சொல்லிடுங்க. அது ஐஎன்ஆரை ஏத்திவிடும்.
• அழுத்தியும் ரத்தம் நிக்கலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

உங்க வீட்டில் வால்வு ஆபரேஷன் செய்தவர் இருந்தால் இதைப் படிச்சுக் காட்டுங்க.


அரசு மருத்துவர், காரைக்கால்