எல்லைக்கோடு நகர்ந்த கதை: கோலாலம்பூர் வளர்ந்த விதம்

ஒரு நாள் ஆறாம் ஆண்டு வகுப்பில், "கோலாலம்பூரில் எத்தனை பேர் வாழ்கின்றனர்?" என்று வினவினேன். ஒரு மாணவி "ஏறத்தாழ 20 இலட்சம்" என்றாள். மற்றொரு மாணவன் எழுந்து, "இல்லை ஐயா, 75 இலட்சத்துக்கும் மேல்" என்றான். இருவரும் நூலகத்தில் படித்ததையே சொன்னார்கள். இருவர் விடையும் சரிதான் என்று நான் கூறியதும் வகுப்பே திகைத்தது. அந்தத் திகைப்பைத் தீர்க்க அன்று நான் சொன்ன வரலாற்றையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

1947-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கோலாலம்பூரின் மக்கள்தொகை 1,75,961. மலாயா விடுதலை பெற்ற 1957-இல் அது 3,16,230 ஆனது. 1970-இல் 4,51,810; 1980-இல் 9,19,610. கடைசி இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், பத்தே ஆண்டுகளில் நகரம் இரு மடங்காகப் பெருகிவிட்டது என்று வியப்பார். நானும் இளமையில் அவ்வாறே வியந்தவன்தான்.

ஆனால், அந்த இரு கணக்கெடுப்புகளுக்கும் இடையில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. 1974 பிப்ரவரி 1-ஆம் நாள் சிலாங்கூர் மாநிலம் கோலாலம்பூரை நடுவண் அரசிடம் ஒப்படைத்தது. கூட்டரசுப் பிரதேசம் பிறந்தது. அதுவரை ஏறத்தாழ 93 சதுர கிலோமீட்டராக இருந்த நகரின் பரப்பு 243 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வெளியே இருந்த கிராமங்களும் புதுக்கிராமங்களும் ஈயச் சுரங்க நிலங்களும் ஒரே நாளில் நகருக்குள் வந்தன. அங்கு வாழ்ந்தோர் வீடு மாறவில்லை. ஆயினும் அவர்கள் கோலாலம்பூர்வாசிகள் ஆயினர்.

இப்பொழுது ஒரு சிறு வகுத்தல் கணக்கைச் செய்து பாருங்கள். 1970-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4,860 பேர். 1980-இல் ஏறத்தாழ 3,780 பேர். மக்கள்தொகை இரட்டிப்பானதாகத் தோன்றும் அதே காலத்தில் நெருக்கம் குறைந்திருக்கிறது! பிறப்பாலும் குடியேற்றத்தாலும் நகரம் வளர்ந்தது உண்மையே. ஆனால், எல்லை விரிந்ததால் சேர்ந்த மக்களையும் அவற்றோடு கலந்துவிட்டால் எது உண்மையான வளர்ச்சி என்பது புலப்படாது. அதனால்தான் அறிஞர்கள் பழைய கணக்கைப் புதிய எல்லைக்குள் மீண்டும் கூட்டிப் பார்த்த பிறகே ஒப்பிடுவர். அளவுகோல் மாறினால் அளவு பொருளற்றதாகிவிடும்.

பின்னாளில் இதற்கு நேர்மாறான பிழை ஏற்பட்டது. 1991-இல் கோலாலம்பூரின் மக்கள்தொகை 11 இலட்சத்து 45 ஆயிரம். 2000-இல் ஏறத்தாழ 13 இலட்சம். வளர்ச்சி ஓய்ந்துவிட்டது போலும் என்று தோன்றும். அதே காலத்தில் சிலாங்கூரோ ஏறத்தாழ 23 இலட்சத்திலிருந்து 40 இலட்சமாகப் பெருகியது. நகரம் ஓயவில்லை, கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலாம், காஜாங் என்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் படர்ந்தது. 2010-இல் வகுக்கப்பட்ட பெருங்கோலாலம்பூர்த் திட்டம் பத்து ஊராட்சி மன்றப் பகுதிகளை ஒன்றாகக் கொண்டது. 2018-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையின் கணக்கில் காணும் 75 இலட்சம், இவ்வாறு விரிந்து கிடக்கும் நகர்த்தொகுதியைக் குறிப்பது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் 19 இலட்சத்து 80 ஆயிரமோ கூட்டரசுப் பிரதேசத்தை மட்டும் குறிப்பது. என் மாணவர் இருவரும் வெற்றி பெற்றது இப்படித்தான்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். நான் பிறந்தது சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். 1980-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாங்கள் புறநகர்கூட அல்ல, நாட்டுப்புறம். பின்னர்த் தோட்டத்தின் ஒரு பகுதி விற்கப்பட்டு, எங்கள் லயத்துக்கு எதிரே தாமான் வீடுகள் எழுந்தன. 1991-இல் நகர்ப்புறம் என்பதன் வரையறை மாறியது. அரசிதழில் அறிவிக்கப்பட்ட ஊர்களை மட்டும் எண்ணாமல், அவற்றை ஒட்டிக் கட்டடங்கள் நிறைந்த பகுதிகளையும் சேர்த்தனர். மொத்தம் 10,000 பேராவது இருக்க வேண்டும், பெரும்பாலோர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருக்க வேண்டும் என்பன விதிகள். எங்கள் வட்டாரமும் நகர்ப்புறமானது. அன்றும் விடியற்காலையில் என் தந்தையார் பால்மரம் சீவத்தான் சென்றார்.

மலேசியாவின் நகர்ப்புற மக்கள் 1980-இல் 34 விழுக்காடு. 1991-இல் 51 விழுக்காடு. இந்தத் தாவலில் என் தந்தையாரும் ஒரு துளி. "தமிழர்கள் தோட்டத்தை விட்டு நகரத்துக்குக் குடியேறினர்" என்று மேடைகளில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவே வரும். குடியேறியோர் பலர் உண்டு. ஆனால் எங்களைப் போன்றோரிடம் நகரமே நடந்து வந்தது. சில ஆண்டுகளில் எஞ்சிய தோட்டமும் விற்கப்பட்டபோது, நகர்ப்புறத்தார் என்று எண்ணப்பட்ட எங்களுக்கு அந்நகரில் சொந்தமாக ஒரு வீடு இல்லை.

இதைப் பழங்கதையென ஒதுக்கிவிட முடியாது. மக்கள் சென்றுவிட்ட தோட்டங்களில் விரல்விட்டு எண்ணும் மாணவர்களோடு தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன. மக்கள் பெருகிய குடியிருப்புகளிலோ பிள்ளைகள் தொலைவிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குப் பேருந்தில் செல்கின்றனர். மாநிலத்தின் மொத்த எண்ணைப் பார்த்தால் இக்குறை தெரியாது. எந்த எல்லைக்குள், எந்த ஆண்டில், யாரை எண்ணினார்கள் என்று கேட்டால்தான் தெரியும்.

ஆகவே, இனி ஒரு நகரின் மக்கள்தொகையைப் படிக்கும்போது எண்ணுக்கு முன் எல்லையைக் கேளுங்கள். என் மாணவர்களிடம் அன்று நான் கொடுத்த வீட்டுப்பாடமும் அதுவே: "உங்கள் தாத்தா பாட்டி இருந்த இடம் அன்று எந்த ஊர்? இன்று எந்த ஊர்? அவர்கள் நகர்ந்தார்களா, எல்லை நகர்ந்ததா?" முப்பது பேரில் பதினொருவர் எழுதி வந்த விடை, "எல்லைதான் ஐயா."