தேடல் வரலாற்றுப் பதிவு

இணையத் தேடுபொறியில் ஒருவர் தேடும் சொற்களை, தேடிய நேரம், ஐ.பி. முகவரி, சொடுக்கிய இணைப்பு ஆகியவற்றோடு சேர்த்து நிறுவனம் தன் சர்வரில் சேமித்து வைப்பது தேடல் வரலாற்றுப் பதிவு எனப்படும். எழுத்துப்பிழையைத் திருத்தவும், முடிவுகளை வரிசைப்படுத்தவும், விளம்பரங்களைக் காட்டவும் இது பயன்படுகிறது. கணக்கில் நுழையாமல் தேடினாலும் குக்கீ மூலம் ஒருவரின் தேடல்களை ஒன்றாகக் கோத்துவிட முடியும்.

இப்படி ஒரு கிடங்கு இருப்பதைப் பலர் உணர்ந்தது 2006இல்தான். சிறுவர் இணையப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஆதரவாக வாதாட, அமெரிக்க நீதித்துறை முந்தைய ஆண்டே பெரிய தேடுபொறி நிறுவனங்களிடம் தேடல் விவரங்களைக் கேட்டிருந்தது. கூகுள் மறுத்தது, வழக்கு நீதிமன்றம் சென்றது. 2006 மார்ச்சில் தீர்ப்பளித்த நீதிபதி ஜேம்ஸ் வேர், 50,000 இணைய முகவரிகளைக் கொடுத்தால் போதும், பயனர்களின் தேடல் சொற்களைத் தர வேண்டியதில்லை என்றார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஏ.ஓ.எல். நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவும் என்று கருதி, ஏறத்தாழ 6,50,000 பேரின் மூன்று மாதத் தேடல்களைத் தானே இணையத்தில் வெளியிட்டது. மொத்தம் சுமார் 2 கோடித் தேடல்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தார்கள். அந்த எண்களில் ஒன்றுக்கு உரிய மூதாட்டி ஒருவர் விரல் மரத்துப்போவது பற்றியும், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும் நாயைப் பற்றியும் தேடியிருந்தார். தம் ஊரில் தோட்ட வேலைக்கு ஆள் தேடியிருந்தார். தம் குடும்பப் பெயர் கொண்டவர்களையும் தேடியிருந்தார். சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் அந்த மூதாட்டியின் வீட்டு வாசலில் நின்றார்கள். நிறுவனம் கோப்பை நீக்கி மன்னிப்புக் கேட்டது. தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி பதவி விலகினார். ஆனால் கோப்பின் நகல்கள் அதற்குள் பரவிவிட்டன.

பெயரை அழிப்பது மட்டும் பாதுகாப்பாகாது என்பதை இந்நிகழ்வு ஐயமின்றிக் காட்டியது.

பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்ற கேள்வி அடுத்து எழுந்தது. 18 முதல் 24 மாதங்களுக்குப் பின் அடையாளங்களை நீக்குவதாகக் கூகுள் 2007இல் அறிவித்தது. ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்க நியாயமில்லை என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் 2008இல் கூறினர். அவ்வாண்டே கூகுள் ஐ.பி. முகவரிகளுக்கான காலத்தை ஒன்பது மாதமாகக் குறைத்தது. பயனரைப் பின்தொடர்வதில்லை என்பதையே அடையாளமாக்கிக்கொண்ட டக்டக்கோ தோன்றியதும் 2008இல்தான்.

காவல்துறையும் இந்தப் பதிவுகளை நாடுகிறது. அமெரிக்காவின் டென்வர் நகரில் 2020இல் ஒரு வீட்டுக்குத் தீவைக்கப்பட்டு ஐவர் இறந்தனர். அந்த முகவரியைத் தீவைப்புக்கு முந்தைய நாட்களில் தேடியவர்கள் யார் என்று போலீசார் கூகுளிடம் கேட்டுப் பெற்றனர். அந்தச் சான்றைப் பயன்படுத்தக் கொலராடோ உச்ச நீதிமன்றம் 2023இல் அனுமதித்தது. குற்றவாளி பிடிபடுவது நல்லதே. ஆனால் இம்முறையில் சந்தேகப்பட ஒருவரும் இல்லாதபோதே எல்லோருடைய தேடல்களும் சல்லடையில் விழுகின்றன. இதற்குக் கடுமையான வரம்பு தேவை.

2020 ஜூன் முதல் புதிய கூகுள் கணக்குகளில் தேடல் வரலாறு 18 மாதங்களில் தானாக அழியும்படி அமைக்கப்பட்டது. அதற்கு முன் கணக்குத் தொடங்கியவர்கள் அமைப்புகளுக்குள் சென்று தாங்களே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.