பொல்காவலையில் பிரியும் இரண்டு பாதைகள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கோச்சி ஏறி மலைநாடு பார்க்கப் போகிறவர்கள் பொல்காவலையில் இறங்கி வண்டி மாறுவது வழக்கம். காங்கேசன்துறையிலிருந்து வரும் வடக்குப் பாதை அங்கேதான் பதுளைப் பாதையோடு சேர்கிறது. காட்சிக்காகவே ஆட்கள் ஏறுவது பதுளை வண்டியில். வடக்கு வண்டியில் அலுவலுக்குப் போவார்கள், யன்னலோரம் நித்திரை கொள்வார்கள். இந்த ஓரவஞ்சனை எனக்குச் சம்மதமில்லை.

காற்று என்று வந்தால் மலைக்குத்தான் முதலிடம், அதில் வாதமில்லை. கோப்பியையும் பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை அது. கண்டிக்கு 1867இல் வந்த தண்டவாளம் பதுளையைத் தொட 1924 ஆயிற்று. நாற்பத்துநான்கு அடி ஓடினால் ஓரடி உயரும் ஏற்றம், ஆகவே வண்டி ஊர்ந்துதான் போகும். அந்த மெதுவான ஓட்டத்தால்தான் எல்லாம் கண்ணில் தங்குகிறது. கடுகண்ணாவையில் காலடியில் பள்ளத்தாக்கு விரியும். வட்டவளையில் மழை பிடிக்கும். நானுஓயா தாண்டினால் போட்டிருக்கும் சட்டை போதாது. பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் அதைவிட உயரமான நிலையம் இல்லை. அதையடுத்து ஒரு சுரங்கம் வரும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் இந்தப் பக்கம் புகார் மூடிக் கிடக்க, அந்தப் பக்கம் ஊவா வெயிலில் காய்வதைப் பலர் கண்டிருக்கிறார்கள். மழையை மலைமுதுகு மறித்துவிடுகிறது. குளிரூட்டிய பெட்டிக்குக் கூடக் காசு கொடுத்தவர்களுக்குக் கண்ணாடி வழியே காட்சி மட்டும்தான். காற்று, திறந்த யன்னல்காரருக்கு.

வன்னியில் மலை இல்லை. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று பாலையும் முதிரையும் வீரையும் நிற்கும் காட்டுக்குள்ளால் வண்டி விரைகிறது. சோளகம் வீசும் மாதங்களில் காற்று காய்ந்து புழுதியோடு முகத்தில் அடிக்கும். மார்கழியில் போய்ப் பாருங்கள்: வாடைக் காற்று, நிரம்பிய குளங்கள், வயல் முழுக்கப் பச்சை. முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் ஏ-9 வீதியில் வாகனங்கள் போவதில்லை. கோச்சிக்காரர் யன்னலிலிருந்தே கைகூப்பிக் கொள்வார்கள். பரந்தன் கழிந்து ஆனையிறவு வந்ததும் மரங்கள் விலகி, கடல்நீரேரியும் வானமும் மட்டும் மிஞ்சும். காற்றில் உப்பு. மலையில் ஒவ்வொரு வளைவும் பார்வையை மறிக்கும்; இங்கே மறிக்க ஒன்றுமேயில்லை. பார்வையின் நீளத்தைக் கேட்டால் நான் ஆனையிறவையே சொல்வேன்.

ஆனால் இந்தப் பாதையில் பார்ப்பதற்கு இதைவிடப் பெரிய விஷயம், பாதை இருப்பதே. போரால் 1990 யூனில் வவுனியாவுக்கு வடக்கே வண்டி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் புதிதாகப் போட்டு, 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி திரும்பி வந்தது. இடைப்பட்ட இருபத்துமூன்று வருடத்தில் கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, தங்கள் ஊரில் ஓடும் கோச்சியே ஒரு காட்சிதான். முல்லைத்தீவுக்கு இன்றும் தண்டவாளம் இல்லை. அங்குள்ளவர்கள் மாங்குளம் வரை பஸ்ஸில் வரவேண்டும்.

இரண்டு பாதைகளையும் வாழ்க்கையாலேயே இணைத்தவர்களும் வன்னியில் இருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு ஓடிவந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவில் காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பல. அந்த வீடுகளின் முதியவர்களோடு பதுளை வண்டியில் போனால், மற்றவர்கள் படமெடுக்கும் தேயிலைச் சரிவில் அவர்கள் பார்ப்பது வேறு: கொழுந்துக்கூடையின் பாரம், அட்டைக்கடி, விடிகாலைப் பிரட்டுக்களம். கொட்டகலையில் எல்லோரும் மலையுச்சியை அண்ணாந்து பார்க்கையில், அவர்கள் கீழே லயத்துக் கூரைகளைத் தேடுவார்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று பேரப்பிள்ளைக்குப் பெயர் சொல்லிக் காட்டுவார்கள்.