ஆள்களப் பெயர்

இணையதளத்தின் எண் முகவரிக்குப் பதிலாக நாம் தட்டச்சு செய்யும் பெயர், பேச்சுவழக்கில் டொமைன். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த முறைப்படி இயங்குகிறது. 'டொமைன் வாங்கினேன்' என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது விலைக்கு வாங்கும் பொருளன்று, தவணைக்கு எடுக்கும் உரிமை. பெயரின் அமைப்பே இதைக் காட்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியான 'டிஏ.விக்கிப்பீடியா.ஓஆர்ஜி'யை நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். கணினியோ வலக்கோடியிலிருந்து தேடுகிறது. உச்சியிலுள்ள மூல வழங்கி, 'ஓஆர்ஜி' பெயர்களைப் பதியும் பதிவகத்தின் வழங்கியைக் காட்டும். அது விக்கிப்பீடியாவின் பெயர் வழங்கியைக் காட்டும். கடைசியில்தான் 'டிஏ' எங்கே என்று தெரியவரும். அந்த 'டிஏ'யை விக்கிப்பீடியா யாரையும் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம். அதற்கு வலப்பக்கம் உள்ளதெல்லாம் மேலிருப்பவர் கையில். 'காம்' பெயர் எதையும் ஒரே தவணையில் 10 ஆண்டுகளுக்கு மேல் பதிய முடியாது. புதுப்பிக்காமல் விட்டால், சலுகைக் காலம் கழிந்தபின் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

தவறாமல் கட்டணம் கட்டினால் சொத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே: 1985 மார்ச் 15-இல் பதிவான முதல் காம் பெயர், 'சிம்பாலிக்ஸ்', கைமாறியும் இன்றும் இருக்கிறது. ஆனால் யூகோஸ்லாவியாவின் நாட்டுக் குறியீடான 'ஒய்யு' அப்படி நிலைக்கவில்லை. நாடு சிதறி, செர்பியாவும் மாண்டினீக்ரோவும் தத்தம் குறியீட்டைப் பெற்றபின், 2010-இல் அது மூலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதன்கீழ் மிஞ்சியிருந்த பெயர்களும் கூடவே மறைந்தன. 1991-இல் கலைந்த சோவியத் ஒன்றியத்தின் 'எஸ்யு' பிறகும் பல ஆண்டுகள் நீடித்ததே என்பார்கள். நீடித்தது உண்மை, ஆனால் அதை நீடிக்கவிடும் முடிவும் பெயர் பதிந்தவர்கள் கையில் இருக்கவில்லை.