விதைகலப்பையும் களைக்கருவியும்: வரிசை இடைவெளி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கமத்தொழிற் கருவிகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அவற்றைத் தனித்தனியே எடுத்து நோக்கியுள்ளனர். விதைக்கும் பொறி ஓர் அத்தியாயத்திலும் களைகட்டும் கருவி இன்னோர் அத்தியாயத்திலும் இடம்பெறும். வயலிலோ இவ்விரண்டும் பிரிந்து நிற்பதில்லை. எத்துணை இடைவெளிவிட்டு விதை வரிசையாக இடப்பட்டது என்பதே, பின்னர் எக்கருவி பயிருக்குள் இறங்கலாம் என்பதைத் தீர்மானிக்கின்றது. வீசி விதைத்த நிலத்தில் களையைக் கையாற் பிடுங்குவதன்றி வேறு வழியில்லை. இதனை மனங்கொண்டு, வரிசை விதைப்பின் தோற்றம்பற்றி நெடுங்காலம் நிலவிவந்த ஒரு கருத்தை நாம் மீளாய்வு செய்ய விழைகின்றோம்.

ஐரோப்பிய நூல்கள் இம்முறையின் பெருமையை ஜெத்ரோ டல் (1674 - 1741) என்னும் ஆங்கிலேயருக்கு உரியதாக்குவது வழக்கம். 1701ஆம் ஆண்டளவில் அவர் விதைபொறியொன்றை ஆக்கினார். குதிரை இழுக்கும் களைக்கருவி பற்றிய அவரது நூல் 1731இல் வெளிவரத் தொடங்கியது. நெருக்கமான இரண்டு மூன்று வரிசைகளை அடுத்து ஏறக்குறைய 5 அடி வெற்றிடம் விடவேண்டும் என்பது அவர் முறை. குதிரை நடக்க வேண்டுமல்லவா? நிலத்தின் நுண்துகளையே பயிர் உண்கின்றது என்ற அவரது கொள்கை தவறானது. எனினும் மண்ணைக் கிளறியதாற் களை மாண்டது. தாம் சொன்னவாறு விதையிடக் கூலியாட்கள் மறுத்தமையே தம்மைப் பொறி ஆக்கத் தூண்டியது என டல் எழுதியிருப்பது நமது கவனத்துக்குரியது. உழைப்போரின் தயவை வேண்டாத ஒரு கருவியை அவர் தேடினார். இம்முறை இங்கிலாந்திற் பரவலாக வேரூன்றியதோ 19ஆம் நூற்றாண்டிலேதான்.

இனித் தென்னிந்தியாவுக்கு வருவோம். 1795இல் கப்டன் தோமஸ் ஹல்கொட் என்னும் ஆங்கிலப் படையதிகாரி குண்டூர்ப் பகுதியில் வயலொன்றைக் கடந்து செல்கையில், விதைகலப்பை ஒன்று உழைப்பதைக் கண்டார். அதனை அண்மைக்கால ஐரோப்பியக் கண்டுபிடிப்பு என்றே அவர் அதுவரை எண்ணியிருந்தார். விசாரித்தபோது, நினைவுக்கெட்டாத காலந்தொட்டு அங்கு அது வழக்கிலிருப்பது தெரியவந்தது. அவர் எழுதியவை 1797இல் பிரித்தானிய விவசாய சபையின் வெளியீட்டில் இடம்பெற்றன. 1971இல் தரம்பால் தமது தொகுப்பில் அவற்றை மீளப் பதிப்பித்தார். பிரான்சிஸ் புக்கானனும் 1800இல் மைசூர் நாட்டிற் பயணஞ்செய்தபோது கேழ்வரகு இவ்வாறு விதைக்கப்படுவதைக் கண்டு எழுதியுள்ளார்.

தெலுங்கிற் கொர்ரு என்றும் கன்னடத்திற் கூரிகெ என்றும் வழங்கும் இக்கருவியின் அமைப்பு எளியது. ஒரு குறுக்கு மரத்தில் மூன்று, நான்கு, ஆறு எனக் கொழுக்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு கொழுவின் பின்னும் ஒரு மூங்கிற்குழல் உண்டு. குழல்கள் யாவும் மேலே ஒரு மரக்கிண்ணத்திற் கூடும். அதனுள் விதையை ஒரே சீராக இடுவது கைத்திறன் மிக்க வேலை. பல இடங்களில் அது பெண்களுக்குரியது. பயிர் ஓரளவு உயர்ந்தபின், மாடுகள் இழுக்கும் அலகுக் கருவி வரிசைகளுக்கிடையே சென்று களையை வேரோடு அறுக்கும்.

இடைவெளியை யார் தீர்மானித்தார்? தச்சனின் அந்த ஒற்றை மரமே தீர்மானித்தது எனலாம். ஒரே ஓட்டத்தில் விழுந்த வரிசைகள் தம்முள் எப்போதும் சம தூரத்தில் நிற்கும். மாடு வளைந்தால் அவை யாவும் சேர்ந்தே வளையும். ஆனால் ஓர் ஓட்டத்தின் கடைசி வரிசைக்கும் அடுத்த ஓட்டத்தின் முதல் வரிசைக்குமிடையிலான தூரம் ஓட்டுபவனின் கண்ணளவைப் பொறுத்தது. ஆதலாற் களைக்கருவியும் விதைத்த அளவுக்கே, அல்லது அதனை மீதியின்றி வகுக்கும் அளவுக்கே அமைதல் வேண்டும். நான்கு வரிசையாக விதைத்த நிலத்தில் மூன்று வரிசைக் களைக்கருவியை ஓட்டினால், அது விரைவிலேயே ஓட்டங்களின் எல்லையைத் தாண்டிப் பயிரை அறுத்துவிடும். அலகும் இடைவெளியினுஞ் சற்றுக் குறுகியதாயிருத்தல் அவசியம். இன்றைய உழவு யந்திரக் களைக்கருவிகளும் இவ்விதிக்கே கட்டுப்பட்டவை. எழுதப்படாத இவ்வறிவைப் பழங்கலப்பையின் எச்சமெனத் தள்ளிவிட முடியாது.

இம்முறையை மிகைப்படுத்துவதும் தவறு. வரிசைக்குள்ளேயே முளைக்கும் களையை அலகு தொடாது. அதைப் பிடுங்கும் வேலை பெண்களின் குனிந்த முதுகிலேயே எஞ்சியது. மாடில்லாதவனுக்கு இக்கருவிகளாற் பயனுமில்லை.

சேற்று நெல்லின் கதை வேறு. அங்கு விதையன்றி நாற்றே வரிசைக்குரியதாயிற்று. 1892இல் யப்பானின் தொத்தோரிப் பகுதியைச் சேர்ந்த நக்காய் தாய்ச்சிரோ தள்ளிச் செல்லும் சுழல் களைக்கருவியை ஆக்கினார். அது ஓடுவதற்கு நேர்வரிசை நடுகை இன்றியமையாததாயிற்று. யப்பானிய அரசு அதனைக் காவலர்களைக் கொண்டு வற்புறுத்தியமையால், ‘வாள்முனை விவசாயம்’ என்ற பெயரும் எழுந்தது.

இத்தகைய சுழற்கருவி இலங்கைக்கும் வந்தது. வரிசை நடுகையும் போதிக்கப்பட்டது. ஆயினும் நடுகைக்கான கூலியை ஈடுசெய்ய இயலாத கமக்காரர் வீசி விதைப்பதையே தொடர்ந்தனர். களைகொல்லி மலிந்தபின் அவர்களுக்கு வரிசை தேவைப்படவுமில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் விவசாய இரசாயனங்களின் இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்தது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. களைகொல்லி தட்டுப்பட்ட அந்தப் பெரும்போகத்திற் கைக்கருவிகளைப் பற்றிப் பலர் பேசினர். வீசி விதைத்த வயல்களிலோ அவை செல்லப் பாதையே இருக்கவில்லை.