ஆம் / இல்லை: ஒரு கட்டத்தின் வரலாறு

பி.காம் படிக்கிறவன் சட்டத்தைப் பத்தி எழுதறானேன்னு நினைக்காதீங்க. காரணம் இருக்கு.

போன மாசம் எங்க திருவொற்றியூர் தெரு அண்ணன் ஒருத்தர் வேலை விண்ணப்பத்தோட வந்தார். "தம்பி, இந்தக் கட்டத்துல என்ன எழுதணும்?" என்றார். "உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் பதிவாகியுள்ளதா? ஆம் / இல்லை." சில வருஷம் முன்னாடி, தண்ணி வரலைன்னு எண்ணூர் விரைவுச் சாலையில் நடந்த மறியலில் உட்கார்ந்தவர் அவர். கல்யாண மண்டபத்தில் அடைச்சு வச்சு, சாயங்காலம் விட்டுட்டாங்க. கேஸ் இருக்கா இல்லையான்னே அவருக்குத் தெரியாது. எங்க ஏரியாவில் இது புதுசு இல்லையே!

சரி, இந்தக் கட்டத்தை நம்ம நீதிமன்றங்கள் எப்படிப் பார்த்திருக்கின்றன என்று தேடிப் படித்தேன்.

முதலில் 2003. கேந்திரிய வித்யாலயாவில் சேர்ந்த ஒரு உடற்கல்வி ஆசிரியர், தன் மேல் வழக்கு இருந்தும் "இல்லை" என்று எழுதியிருந்தார். "நான் இந்தி மீடியம், ஆங்கிலப் படிவம் புரியவில்லை" என்று வாதாடினார். அந்த வழக்கையே பின்னால் அரசு வாபஸ் வாங்கிவிட்டது. ஆனாலும் உச்ச நீதிமன்றம் பணிநீக்கம் சரி என்றது. வழக்கு பெரிசா சின்னதா என்பது அங்கே கேள்வி இல்லை. மறைத்தாரா இல்லையா என்பதுதான் கேள்வி.

அடுத்தது 2011. டெல்லி காவல்துறை வேலைக்கு 1999-ல் விண்ணப்பித்த ஒரு இளைஞர். வாடகைக்கு இருந்தவரோடு நடந்த சண்டையில் வழக்கு, சமரசமாகி 1998-லேயே விடுதலை. அவரும் முதலில் மறைத்தார். ஆனால் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அமர்வு, இள வயதுத் தவறுகளை மன்னிக்கலாம் என்றது. ரொட்டி திருடியதற்காக வாழ்நாள் முழுக்கத் துரத்தப்பட்ட ழீன் வல்ழீனை (விக்டர் ஹியூகோவின் கதாநாயகன்) தீர்ப்பிலேயே நினைவுபடுத்தினார்கள்.

இப்படி ஆளுக்கு ஒன்றாகத் தீர்ப்பு வந்ததால், 2016 ஜூலை 21-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அவதார் சிங் வழக்கில் வழிமுறைகளை வகுத்தது. சுருக்கமாக:

- கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். ஆனால் உண்மையாகச் சொல்ல வேண்டும்.
- சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால், வேலை தருபவர் மன்னிக்கலாம்.
- அற்ப வழக்கு நிலுவையில் இருப்பதை உண்மையாகச் சொன்னால், அதன் முடிவுக்கு உட்பட்டு வேலை தரலாம்.
- உண்மையைச் சொன்னாலும், எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கடைசி வரிதான் இடிக்கிறது. தமிழ்நாட்டு காவலர் வேலைக்கு விதி இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனாலோ, புகார் கொடுத்தவர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவர், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். அதை வைத்து நிராகரிப்பதில் தவறில்லை என்று 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் சொல்லிவிட்டது.

வெளிநாட்டில் வேறு மாதிரி. பிரிட்டனில் 1974 சட்டப்படி, குறிப்பிட்ட காலம் கழிந்த பழைய தண்டனையைப் பெரும்பாலான வேலைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவின் ஹவாயில் 1998 முதல், தனியார் நிறுவனங்கள்கூட வேலை தர முன்வந்த பிறகே பழைய தண்டனையைப் பற்றிக் கேட்க முடியும். இங்கே 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும், 2015 இளைஞர் நீதிச் சட்டம் அப்படியொரு பாதுகாப்பைத் தருகிறது.

அரசு நினைத்தால் வழி உண்டு. ஆலைக்கு எதிராகப் போராடிய தூத்துக்குடியில் 2018 மே 22-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது. விசாரணை ஆணையத்தின் இடைக்கால அறிக்கைக்குப் பிறகு, 2021 மே மாதம் பெரும்பாலான போராட்ட வழக்குகளை அரசு வாபஸ் வாங்கியது. படிப்புக்கும் வேலைக்கும் தடையில்லாச் சான்று தரவும் உத்தரவிட்டது. தண்ணிக்காக ரோட்டில் உட்கார்ந்தவனுக்கு யார் சான்று தருவது?

நம்ம பசங்க கவனிக்க வேண்டிய இன்னொன்று, "75 கேஸ்". 1888-ஆம் வருஷத்து சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 75-வது பிரிவு. "ஒத்துக்கோ, ஃபைன் கட்டு, முடிஞ்சிடும்" என்பார்கள். முடியாது. குற்றத்தை ஒத்துக்கொண்டு கோர்ட்டில் அபராதம் கட்டினால், சட்டப்படி அது தண்டனைதான். "தண்டனை பெற்றதுண்டா?" என்று கேட்டால் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். கைது, வழக்கு, தண்டனை, மூன்றும் மூன்று கேள்விகள். எதைக் கேட்கிறார்கள் என்று படித்துவிட்டு எழுதுங்கள்.

அண்ணன் கதைக்கு வருகிறேன். இ-கோர்ட்ஸ் தளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினோம். இருந்தது. வழக்கு இன்னும் நிலுவையில். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "இல்லைன்னு போட்டா வேலை கிடைச்சிடும்ல?" என்றார். "கிடைக்கும்ணா. ஆனா போலீஸ் வெரிஃபிகேஷன் வர்ற அன்னிக்குப் போயிடும். அப்புறம் உங்க பேர்ல மறியல் மட்டும் இல்ல, பொய்யும் இருக்கும்" என்றேன்.

"ஆம்" என்று எழுதி, வழக்கு எண்ணையும் ஒரு வரி விளக்கத்தையும் சேர்த்து அனுப்பினார்.

பதில் இன்னும் வரவில்லை. நான் சொன்னது சரிதானா என்று தினமும் யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?